கர்சர் லினக்ஸ் போட்ட தட்டச்சு அறை

கர்சர் தெருமுனையில் திரும்பினாலே போதும், அந்தத் தெருவில் இருக்கிற பிரிண்டர்கள் எல்லாம் சிக்கிய தாளைத் துப்பிவிட்டு நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்ளும். செத்து வருடக்கணக்கான கம்ப்யூட்டரின் பக்கத்தில் நின்று அவன் தொண்டையைச் செருமினால், அது எழுந்து "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்கும். ஒரு மானிட்டரை முறைத்துப் பார்த்தே சரிசெய்திருக்கிறான்.

இதில் கொஞ்சம் காற்று அடித்திருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பிரிண்டர் விஷயத்தை அப்படியே தள்ளிவிடுங்கள். தொண்டை செருமியதையும் தள்ளிவிடலாம். மானிட்டரை முறைத்தது மட்டும் உண்மை. ஆனால் அதில் வெளிச்சம் வந்ததற்குக் காரணம் முறைப்பு இல்லை, பின்னால் கழன்று கிடந்த வயரை அவனுடைய அக்கா சொருகியது. இப்படி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற ஆள், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒரு சாதாரண மனிதன். அவனைப் பற்றித்தான் பேச்சு.

கர்சர் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஒல்லியாக, குச்சி நட்ட மாதிரி நேராக, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவான். அடுத்து என்ன என்று யாராவது சொல்லும்வரை நகர மாட்டான். வெற்றுத் திரையில் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கோட்டுக்கும் அவனுக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் கஷ்டம்தான். முதலில் யாரோ கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு அவனே போனை எடுத்து "கர்சர் பேசுறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு ஒரு கடை இருந்தது. மாடிப்படிக்குக் கீழே கிடைத்த மூலையைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகளுக்குக் கோபம் வரும். உள்ளே நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும். வாடிக்கையாளர் வெயிலில் நின்றபடிதான் நோயைச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு காலத்தில் வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள் அங்கே வரிசையில் கிடந்தன. தூசியை ஊதுவான், விசிறியைத் துடைப்பான், ரேம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றிப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவான். பாதி நோய் அதிலேயே ஓடிவிடும். அப்புறம் யாரோ ஜனங்களுக்கு ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்: "ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்." அந்த ஒரே வாக்கியம் கடையைத் தின்று ஏப்பம் விட்டது. கல்யாணமா? அது எப்போதோ டவுன்லோடு ஆக ஆரம்பித்து, பாதியில் லைன் போய்விட்டது.

கடையைக் காலி செய்து, கழற்றிய பாகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அக்கா அவனைவிட நன்றாக மூத்தவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. இருந்தது இரண்டே அறை. முன்னறையில் பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில், கட்டிலில் கர்சர், அவனுக்கு நேர் மேலே மின்விசிறி. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

"அதுல என்னடா தெரியுது?" என்று அக்கா கேட்பாள்.

"பேரிங் தேஞ்சிருக்கு."

"சரி பண்ணலாம்ல?"

"பண்ணலாம்" என்பான். எழுந்திருக்க மாட்டான்.

இரண்டு பேரின் சாப்பாடும் அக்காவின் பத்து விரலில் இருந்தது. அவள் ஒரு தட்டச்சு அறையில் வேலை பார்த்தாள். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இந்த அறை, எதிரே ஒரு பெரிய அரசு அலுவலகம். அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்கள், எதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு படியேறி வருவார்கள். டைப் அடித்த தாளோடு இறங்கிப் போவார்கள். சுவரை ஒட்டி நாலு கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் நாலு பெண்கள். இப்போது அக்காவும் கண்ணாடியம்மாவும் மட்டும்தான். கண்ணாடியம்மாவின் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும். அதைப் போட்டுக்கொண்டும் மானிட்டரை மூக்கால் தொட்டுத்தான் படிப்பாள்.

அந்த நாலு கம்ப்யூட்டருக்கும்தான் வந்தது வினை. பழைய விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்றது திரை. புதியதைப் போடலாம் என்று பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கான தகுதி இல்லை என்றது. சில மனுக்களை அனுப்ப வேண்டிய இணையதளமோ, உன் பழைய பிரவுசரில் திறக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கட்டடத்துக்கும் அறைக்கும் சொந்தக்காரரான முதலாளி கீழேயிருந்து மேலே வந்து, நாலு மெஷினையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிப் போடுற அளவுக்கு இங்க என்ன கூட்டமா அலைமோதுது?" என்றார். போன் கவர் விற்கிற ஒருவர் இந்த அறையை வாடகைக்குக் கேட்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார். அறை போனால் அக்காவின் வேலை போகும். அக்காவின் வேலை போனால் அடுப்பு எரியாது. அந்த வயதில் அவளை வேறு யார் கூப்பிட்டு நாற்காலி போடப் போகிறார்கள்?

அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கர்சர் வழக்கம்போல மல்லாந்து கிடந்தான். கேட்டுக்கொண்டே இருந்தவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

"லினக்ஸ் போடலாம்."

"என்னது போடலாம்?"

"லினக்ஸ்க்கா. விண்டோஸ் மாதிரியே, ஆனா வேற. காசு கிடையாது. அதுலயும் ரொம்ப லேசா ஒண்ணு இருக்கு. பழைய மெஷின்ல போட்டா பறக்கும்."

"பறக்கவெல்லாம் வேணாம்டா. ஒரு இடத்துல உக்காந்து டைப் அடிச்சாப் போதும்."

மறுநாள் ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றான். நின்றான் என்றால் சிமிட்டிக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், "ஓட வச்சுக் காட்டு. பாக்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்ற சொல்லில் எவ்வளவு வாக்குறுதி இருக்கிறது என்று கேட்டால், ஒரு துளிகூட இல்லை. ஆனால் கர்சருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லின் மேல் நாலு மாடி கட்டிக்கொண்டுதான் படியேறினான்.

முதலில் கண்ணாடியம்மாவின் மெஷின். உள்ளே இருந்த ஃபைல்களை எல்லாம் பத்திரமாக வெளியே எடுத்துவைத்துவிட்டு, பழைய விண்டோஸைத் துடைத்தெறிந்து, லினக்ஸைப் போட்டான். முன்பெல்லாம் அந்த மெஷினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியம்மா கீழே போய் டீ குடித்துவிட்டு, கடைக்காரரிடம் ஊர்வம்பு பேசிவிட்டு வந்தாலும் அது இன்னும் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும். இப்போது அவள் நாற்காலியில் மெத்தையைச் சரிசெய்வதற்குள் தயாராகிவிட்டது. கர்சர் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடியம்மா மூக்கைத் திரையில் பதித்தாள். மேலிருந்து கீழே மூக்காலேயே ஒரு நடை நடந்தாள். "தம்பி, குப்பைத்தொட்டி காலியா இருக்கே?"

"ஆமாம்மா. புதுசுல்ல."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"குப்பைதானேம்மா. அதை எதுக்கு எடுத்து வைக்கப் போறேன்?"

கண்ணாடியம்மா போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் மெஷினில் இரண்டு தாள் சேர்ந்து போனது. அவள் வருடக்கணக்காக அடித்து வைத்த முக்கியமான மாதிரி மனுக்கள் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குள்தான் இருந்தனவாம். மற்ற ஃபோல்டர்களை எல்லாரும் திறந்து பார்ப்பார்கள், யாராவது எதையாவது அழித்துவிடுவார்கள். குப்பைத்தொட்டிக்குள் எவன் கையை விடுவான்? அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

"குப்பைத்தொட்டியில போய் ஏன்மா வச்சீங்க?" கர்சர் அழுதுவிடுவான் போலிருந்தான்.

"நீ ஒரு வீட்டுல பீரோவை மாத்தினா, உள்ள இருக்கிறதை எடுக்காமலா மாத்துவே?"

"அது பீரோ இல்லம்மா, குப்பைத்தொட்டி!"

"உனக்குக் குப்பைத்தொட்டி. எனக்கு அது பீரோ!"

அக்கா பக்கத்து நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கர்சர் சிரிக்கவில்லை. அழித்ததைத் தோண்டி எடுக்கிற ஒரு மென்பொருளை ஓடவிட்டு, வட்டின் அடிவயிறுவரை கையை விட்டுத் துழாவினான். முக்கால்வாசி திரும்பி வந்தன. ஆனால் பெயர் இல்லாமல் வந்தன. வெறும் எண்களாக, ஆற்று வெள்ளத்தில் கரை ஒதுங்கிய பாத்திரங்கள் மாதிரி. கண்ணாடியம்மா ஒவ்வொன்றாகத் திறந்து, மூக்கால் முகர்ந்து, "இது நெலம்... இது பென்ஷன்... இது யார் வீட்டுச் சண்டையோ" என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். கர்சர் டெஸ்க்டாப்பில் அவளுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குக் குப்பைத்தொட்டிப் படத்தையே ஒட்டி, கீழே "பீரோ" என்று எழுதிவைத்தான். உண்மையான குப்பைத்தொட்டியைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினான். அப்புறம்தான் அவள் அவனோடு பேசினாள்.

இந்த அடி வாங்கியதில் அவனுக்கு ஒன்று புரிந்தது. வேகமெல்லாம் இவர்களுக்குப் பொருட்டே இல்லை. கை வைத்த இடத்தில் பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் மீதி மெஷின்களைத் துடைப்பதற்கு முன்னால் போனால் படம் எடுத்துக்கொண்டான். கீழே இடது மூலையில் மெனுப் பொத்தான், வலது மூலையில் கடிகாரம், அதே நீல வானப் படம், எந்த ஐகான் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசை. படத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினான்.

"டி டிரைவ் எங்கடா?" என்றாள் அக்கா.

"இதுல டிரைவெல்லாம் கிடையாதுக்கா. எல்லாம் சேர்ந்து ஒரே மரம். வேர்லேர்ந்து கிளம்பி, கிளை கிளையாப் பிரிஞ்சு போகும்."

"மரத்துல ஏறி ஃபைல் பறிக்கிற வயசாடா எனக்கு?"

பேசாமல் ஒரு ஃபோல்டர் போட்டு "டி" என்று பெயர் வைத்தான். அக்கா திறந்து பார்த்து, "ம், இருக்கே. இல்லைன்னு சொன்னே?" என்றாள்.

பிறகுதான் பெரிய வில்லங்கம் வந்தது. இவர்கள் மனுக்களை அடித்தது பழைய காலத்துத் தமிழ் எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தமிழே இருக்காது. யாரோ கீபோர்டில் உருண்டு விழுந்தது மாதிரி ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதே எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் கர்சருக்கு அப்போது தலைக்குமேல் உற்சாகம். "பழசு எதுக்குக்கா? இப்ப உலகம் பூரா யூனிகோடுதான். ஒரேயடியா மாத்திடுறேன். எந்த மெஷின்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே இருக்கும்" என்று சொல்லி, மாதிரி மனுக்கள் அத்தனையையும் புதிய எழுத்துக்கு மாற்றிவிட்டான்.

அடுத்த நாள் அக்கா அடித்த முதல் மனு எதிர் அலுவலகத்துக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. இரண்டாவது போனது, அதுவும் வந்தது.

எதிர் அலுவலகத்தில் தாளை வாங்குகிற கவுண்டர்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனுவைப் படிக்க மாட்டார். பார்ப்பார். தேதி வலது மேல் மூலையில் இருக்கிறதா, பெயரும் முகவரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றனவா, கையெழுத்து போடுகிற இடம் அதே பக்கத்தில் இருக்கிறதா. வடிவம் சரியாக இருந்தால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் முத்திரை விழும். வடிவம் கோணினால் தொடவே மாட்டார்.

கர்சர் மாற்றிய மனுவில் எல்லாம் கோணியிருந்தது. தேதி தாளின் நடுவுக்கு வந்து நின்றது. முகவரியின் நாலு வரியும் குடித்துவிட்டு வந்த நாலு பேர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. மனு கொடுக்கப் போனவர் படியேறி வந்து, கீழே முதலாளிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "உங்களுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல கையே கோணலா?"

கர்சர் மறைந்திருக்கும் குறிகளைக் காட்டுகிற பொத்தானை அழுத்திப் பார்த்தான். பக்கம் முழுக்கப் புள்ளி. அம்மை போட்ட உடம்பு மாதிரி இண்டு இடுக்கில்லாமல் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்பேஸ். தேதியை வலது பக்கம் தள்ள வேண்டுமென்றால் அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே தள்ளியிருக்கிறாள். முகவரிக்கு ஸ்பேஸ், பட்டியலுக்கு ஸ்பேஸ், கையெழுத்துக்கு ஸ்பேஸ். பழைய எழுத்தின் அகலத்துக்கு அளந்து தட்டியது. எழுத்து மாறியதும் அத்தனையும் சரிந்துவிட்டது.

"அக்கா... டேப் கீன்னு ஒண்ணு இருக்கே, அதைத் தட்ட மாட்டியா?"

"டேப் தட்டினா அது எங்க போய் நிக்கும்னு அதுக்குத்தான் தெரியும். ஸ்பேஸ்னா எனக்குத் தெரியும்."

"அது தப்புக்கா."

"தப்புன்னா இத்தனை வருஷம் முத்திரை குத்தினாரே, எப்படி?" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இடது கைக் கட்டைவிரலின் ஓரத்தில் தோல் தடித்து, பளபளவென்று இருந்தது. "இது அளந்து வச்சதுடா. நீ பேசாம எழுத்தை மாத்திக் குடு."

கண்ணாடியம்மாவும் சேர்ந்துகொண்டாள். "உன் உலகம் பூரா எங்க மனுவைப் படிக்கப் போறதில்ல தம்பி. எதிர்ல இருக்கிற ஒரு ஆள், அவரும் படிக்கிறதில்ல."

கர்சர் கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டு நின்றான். பிறகு உலகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய எழுத்துருவைத் தேடிக்கொண்டுவந்து நாலு மெஷினிலும் வைத்தான், மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்திருந்த பழைய மனுக்களையும் திரும்பப் போட்டான். தேதி தன் மூலைக்குப் போனது. முகவரிக்காரர்கள் போதை தெளிந்து ஒழுங்காக நின்றார்கள். ஆனால் வரிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி இந்த மென்பொருளில் ஒரு மயிரிழை கூடுதல். அந்த மயிரிழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, கடைசியில் "இப்படிக்கு" என்ற ஒரே சொல்லை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டன. வெற்றுத் தாளின் உச்சியில், யாரும் இல்லாத இடத்தில், தனியாக ஒரு "இப்படிக்கு".

அதற்கு மருந்து பொறுமைதான். முன்பு விண்டோஸில் எடுத்திருந்த தாளையும் இப்போது லினக்ஸில் எடுத்த தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் பார்ப்பான். எந்த வரி எங்கே இறங்கியிருக்கிறது என்று பென்சிலால் குறிப்பான். போய் இடைவெளியைக் குறைப்பான். மறுபடி பிரிண்ட், மறுபடி ஜன்னல். ஒவ்வொரு மாதிரி மனுவுக்கும் இதே பாடு. ஜெராக்ஸ் கடைக்காரர் கீழேயிருந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, எக்ஸ்ரே எடுக்கிறியா?" என்பார். கர்சர் திரும்பாமல், "எலும்பு ஒண்ணு விலகியிருக்குண்ணே" என்பான். அவனுக்கு ஜோக் சொல்ல வரும் என்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மனு போனது, திரும்பி வரவில்லை. இன்னொன்று போனது, அதுவும் வரவில்லை. மூன்றாவது மனுவோடு கர்சரே போய்க் கவுண்டருக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டான். கவுண்டர்காரர் தாளை வாங்கினார். தூரத்தில் நீட்டிப் பிடித்து, ஓவியம் பார்க்கிற மாதிரி பார்த்தார். தொப்பென்று முத்திரை விழுந்தது. கர்சர் சாலையைக் கடந்து ஓடி, மூச்சு வாங்கப் படியேறி, "குத்திட்டாருக்கா!" என்றான். யாரோ யாரையோ கத்தியால் குத்திவிட்டார்கள் என்று கண்ணாடியம்மா எழுந்தே விட்டாள்.

அன்றைக்கு மூவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். கண்ணாடியம்மா அக்காவிடம் கேட்டாள்: "அப்ப நாம தப்பிச்சிட்டோமா?"

"அவன்தான் பாத்துக்கிறானே" என்றாள் அக்கா. அடுத்த மனுவை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டாள். கர்சர் டம்ளரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். இந்தத் தெருவில் மட்டும் எத்தனை அலுவலகங்களில் பழைய மெஷின் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இப்படி லேசான லினக்ஸ் போட்டுக் கொடுத்தால், விண்டோஸ் பழகிய கைக்கு வித்தியாசமே தெரியாமல் அமைத்துக் கொடுத்தால், மாடிப்படிக்குக் கீழே இல்லை, நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு கடையே போடலாம் என்றான்.

முதலாளி மேலே வந்தார். ஒரு மெஷினை அணைத்துப் போடச் சொன்னார். அது கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. பிரிண்ட் கொடுக்கச் சொன்னார், வந்தது. இணையதளம் திறக்கச் சொன்னார், திறந்தது. நாலையும் சோதித்துவிட்டுக் கர்சரின் தோளைத் தட்டினார். "கைகாரன்டா நீ. குப்பைன்னு நினைச்சேன், புதுசு மாதிரி பண்ணிட்டியே."

கர்சர் சிமிட்டுவதையே மறந்துவிட்டான்.

அடுத்த வாரம் முதலாளி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற மையம் நடத்துகிறவர். நாலு மெஷினையும் போட்டுப் பார்த்தார், விசிறியில் காது வைத்துக் கேட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். மறுநாள் ஒரு சின்ன வண்டி வந்தது. மானிட்டர்களைப் பழைய துணியில் சுற்றி இறக்கினார்கள். இவ்வளவு நன்றாக ஓடுகிற மெஷினுக்கு விலை வரும்போது, மனுவுக்கு ஆள் வராத அறையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஓடாத மெஷினாக இருந்திருந்தால், வாங்க ஆள் இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் சுவரோரம் கிடந்திருக்கும். அதோடு இவர்களும் கிடந்திருப்பார்கள்.

கர்சர் படியில் நின்று முதலாளியைக் கேட்டான். "பாக்கலாம்னு சொன்னீங்களே, சார்?"

முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "நான் உங்க அக்காவை வச்சுக்கிறேன்னு சொன்னேனாப்பா? மெஷின் ஓடுதான்னு பாக்கலாம்னேன்" என்றார். பிறகு, "டீ சாப்பிடுறியா?" என்றார்.

கண்ணாடியம்மா தன் மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். போகும்போது "பீரோவை அப்படியே குடுத்துட்டாங்களேப்பா" என்றாள். கர்சர் முன்பே எடுத்துவைத்திருந்த அந்த ஃபைல்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். அதைச் சொருகிப் பார்க்க மகள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

அவன் அந்தப் பயிற்சி மையத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்தான். அவன் போட்ட நீல வானமே அங்கே நாலு திரையிலும் தெரிந்தது, "பீரோ"கூட இருந்தது. பராமரிப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டான்.

"எதுக்குங்க?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "கெட்டே போக மாட்டேங்குதே. ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க."

தெருவில் இருந்த மற்ற அலுவலகங்களில் ஒன்றில், புது மெஷின் வந்துவிட்டது என்றார்கள். ஒன்றில் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். மற்றதில் லினக்ஸ் என்பது வைரஸா என்று கேட்டார்கள். கர்சர் திரும்பவும் கட்டிலுக்கு வந்து சேர்ந்தான். அக்கா இப்போது ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் நின்றுகொண்டு தாள் அடுக்குகிறாள். மேலே போன் கவர் கடையில் காலையிலிருந்து பாட்டு ஓடுகிறது.

பக்கத்து வீட்டுக் கிழவியான நான் இந்தக் கதையை இத்தனை நாளும் ஒரே மாதிரிதான் முடித்து வந்தேன்: பாவம் அந்த அக்கா, தம்பியின் கையை நம்பி, வண்டி வந்து வாசலில் நிற்கிற நிமிடம்வரை, அறை பிழைத்துவிடும் என்று நம்பிக்கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டினாள் என்று. கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், நன்றாகவே இருக்கும். இதை எழுதி வாசித்துக் காட்டியபோது அக்காவும் உட்கார்ந்திருந்தாள், மடியில் துவைத்த துணியை மடித்துக்கொண்டு. தம்பி மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தான். இந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அது அப்படி இல்லை, பெரியம்மா. நான் எங்க நம்பினேன்? இவன்கிட்ட பாக்கலாம்னு சொன்ன அன்னைக்கே முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். ஓடினா வித்துடுவேன், ஓடலைன்னா எடைக்குப் போட்டுடுவேன், எப்படியும் ரூம் இல்லைம்மா, வேற இடம் பாத்துக்கோன்னு. வெளிய வந்தா இவன் பென்டிரைவை வச்சுக்கிட்டு படியில நிக்கிறான். கடை போனதுக்கப்புறம் அவன் தானா எழுந்து குளிச்சு, தலை சீவிக்கிட்டு ஒரு இடத்துக்குக் கிளம்பினது அன்னைக்குத்தான். நான் என்னன்னு சொல்றது? போய்ப் பண்ணுடான்னேன். எழுத்தை மாத்து, கோட்டை நேராக்கு, அது சரியில்ல, இது சரியில்லன்னு என்னால எவ்வளவு நாள் இழுக்க முடியுமோ அவ்வளவு நாள் இழுத்தேன். கண்ணாடியம்மாவுக்குக்கூடச் சொல்லலை. நம்பினது அவன் ஒருத்தன்தான். எழுதினா அப்படியே எழுதுங்க. அவன் இதைப் படிக்க மாட்டான், பயப்படாதீங்க. எர்ரர் மெசேஜைத் தவிர அவன் எதையும் படிக்கிறதில்லை."